டப்பாவில் மிச்சமிருந்த காற்று

இதைப் படித்து முடிக்கும்போது உங்களில் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. நம்பாதவர்கள் கோவில்பட்டியில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து என் கணவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். எழுந்து உள் அறைக்குப் போய்விடுவார். எனக்கு அதுவே போதும், நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு.

பேய் என்றால் ராத்திரி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். கத்திரி வெயில் காயும் மே மாதம். உச்சிப்பொழுது. ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத கரிசல் காடு. எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. இருட்டில் பார்த்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். அந்த வசதி எனக்கு இல்லை.

என் பெயர் ஜெயஷீலா. கணவர் பெயர் டேவிட்சன். கல்யாண வீடுகளுக்கு போட்டோ, வீடியோ எடுப்பது எங்கள் தொழில். அவர் கேமரா பிடிப்பார். நான் லைட் பிடிப்பேன். பெண் அலங்கார அறைக்குள் நான்தான் கேமராவோடு போவேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லாவிட்டால் கோவிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறவர்கள். பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிக்கிறவர்கள். 2005ஆம் வருடம் வரைக்கும் அப்படித்தான் இருந்தோம்.

அன்றைக்குக் கல்யாணம் எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதவில்லை. பெண்ணின் அப்பா பூவனலிங்கம் அண்ணாச்சி மிளகாய் வத்தல் வியாபாரி. வத்தல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி, வீட்டை ஒட்டியே இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் பந்தல் போட்டிருந்தார்கள்.

டேவிட்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தூசி ஆகாது. புகை ஆகாது. வத்தல் நெடி ஆகவே ஆகாது. தாலி கட்டும்போதே அவருக்கு இருமல் வந்துவிட்டது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்து அடித்தார். சாப்பாட்டுப் பந்தியில் இன்னொரு தடவை. பெண்ணும் மாப்பிள்ளையும் பால் பழம் சாப்பிடும்போது எடுத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. குலுக்கிவிட்டு மறுபடி அழுத்தினார்.

வெறும் சத்தம்தான் வந்தது.

"வேற வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஸ்டூடியோல இருக்கு. கிளம்பிருவோம், ஷீலா."

எங்களிடம் ஒரு மாருதி ஆம்னி இருந்தது. எப்போதும் அவர்தான் ஓட்டுவார். எனக்கு லைசென்ஸ் உண்டே தவிர, ஊருக்குள் ஓட்டியதோடு சரி. அன்றைக்கு அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பின் சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். அவராகச் சாவியைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பசுவந்தனை வழியாகப் போனால் கோவில்பட்டி கிட்ட. ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த காடு. மாடு கட்டிப் பிணையல் அடித்த களம் மாதிரி எல்லாம் காய்ந்து கிடந்தது. தரையில் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்த வெயிலில் வெளியே இல்லை. வேகமாகப் போனேன். பின்னாலிருந்து அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது. விசில் அடிக்கிற மாதிரி. உள்ளே இழுக்கும்போது சின்னதாக. வெளியே விடும்போது நீளமாக...

திடீரென்று ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது.

தடக்... தடக்... தடக்...

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்பக்கம், இடது சக்கரம். டயர் தரையோடு தரையாக இருந்தது. ரப்பரில் ஒரு லாட ஆணி தலை வரைக்கும் இறங்கியிருந்தது.

ஸ்டெப்னி இல்லை. போன வாரம் பஞ்சரான சக்கரத்தை சோலைச்சாமியின் பஞ்சர் கடையில் கொடுத்தது, திரும்ப வாங்கவில்லை. முகூர்த்தம் மேல் முகூர்த்தம். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். செல்போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ரோட்டின் முன்னால் பார்த்தேன். பின்னால் பார்த்தேன். தார் ரோட்டின் மேல் கானல் தண்ணீர் மாதிரி நெளிந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை.

"என்ன..." என்றார் டேவிட்சன். ஒரு வார்த்தைக்கு மேல் அவரால் முடியவில்லை.

"பஞ்சர்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையைத் தூக்கி முன் சீட்டுப் பக்கம் காட்டினார். எனக்கு உடனே புரியவில்லை. விரல்களால் டப்பா மாதிரி காட்டி, அழுத்துவது மாதிரிக் காட்டினார். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

என் கொழுந்தன் யோவான் ஷார்ஜாவில் டிரைவர். போன தடவை வந்தபோது ஒரு சிவப்பு டப்பா கொண்டுவந்திருந்தான். கொசு மருந்து அடிக்கிற டப்பா மாதிரி இருக்கும். மேலே ஒரு சின்ன டியூப். "மதினி, ரெண்டு பேரும் காட்டு வழியா அலையுதீங்க. டயர் பஞ்சராச்சுன்னா இதை மாட்டி அமுக்குங்க. உள்ள நுரை போயி ஓட்டையை அடைச்சிரும், காத்தும் ஏறிரும். பஞ்சர் கடை வரைக்கும் போயிரலாம்" என்றான். நான் அதை சீட்டுக்கு அடியில் போட்டு வைத்ததோடு சரி.

எடுத்தேன். கை சுட்டது. ஆம்னியில் எஞ்சினே சீட்டுக்கு அடியில்தான். வெயிலில் வைக்காதே, சூட்டில் வெடிக்கும் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. வெயிலைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. என் நிழலை டப்பாவின் மேல் போட்டுக்கொண்டு படித்தேன். நன்றாகக் குலுக்க வேண்டும். காற்று அடிக்கும் வாய் சக்கரத்தில் மேல் பக்கமாக இருக்க வேண்டும். டப்பாவை நேராகப் பிடிக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் உடனே வண்டியை எடுக்க வேண்டும். சக்கரம் சுற்றினால்தான் நுரை உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். நிறுத்தக் கூடாது.

வாய் கீழே இருந்தது. வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டி நிறுத்தினேன். மேலே வந்தது. டியூபைத் திருகினேன். மரை ஏறவில்லை. உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. முன்பைவிடச் சின்னதாக. மறுபடி திருகினேன். ஏறியது. அழுத்தினேன்.

உஸ்ஸ்ஸ்ஸ்...

இணைப்பு வழியாக வெள்ளை நுரை பொங்கி என் கையில் வழிந்தது. டயர் ஏறவில்லை.

"இன்னும் ஒரு சுத்து இறுக்குங்க யக்கா."

எனக்குப் பின்னாலிருந்து குரல்.

திரும்பினேன். ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு பிள்ளையைப் பழைய சேலைத் துணியால் தலையோடு மூடிப் போட்டிருந்தாள். பிள்ளையின் முகம் தெரியவில்லை. இரண்டு கால்கள் மட்டும் தொங்கின. நாலைந்து வயதுப் பையனின் கால்கள்.

அந்த நேரத்தில் எனக்கு பயம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஆளைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அவள் சொன்னபடி டியூபை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். நுரை வழிவது நின்றது. அழுத்தினேன். இந்தத் தடவை உள்ளே போனது. டப்பா கைக்குள்ளேயே சில்லென்று ஆனது. ஐஸ் மாதிரி. அவ்வளவு வெயிலில் என் விரல் மரத்துப்போனது.

டயர் மெதுவாக எழும்ப ஆரம்பித்தது.

"இங்கன பக்கத்துல ஊர் இருக்காம்மா?" என்று அழுத்திக்கொண்டே கேட்டேன்.

"இல்ல. நான் வண்டிக்கு நிக்கேன்."

"எம்புட்டு நேரமா?"

அவள் பிள்ளையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். யோசிக்கிற மாதிரி இருந்தது.

"மழ வெறிக்கட்டும்னு பாத்தேன். வெறிக்கல."

மழை விடவில்லையாம். நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வெயிலில் நின்று நின்று பாவம் இவளுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்று நினைத்தேன். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

"உள்ள அண்ணாச்சிக்கு இழுப்பா?"

"ஆமா."

"எம் புள்ளைக்கும் அதான்."

அப்போதுதான் கேட்டேன். துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம். மெல்லிசான விசில். என் கணவருடையது மாதிரியே. ஆனால் வேகமாக, சின்னதாக... குருவி கத்துவது மாதிரி.

"அந்த டப்பால மிச்சம் காத்து இருக்கா யக்கா?"

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். "என்னம்மா?"

"மிச்சம் இருந்தா எம் புள்ளைக்குக் குடுங்க."

"இது டயருக்கு அடிக்கிற மருந்தும்மா. மனுசருக்கு ஆகாது."

"காத்துதானே யக்கா. கொஞ்சம் போதும். சின்னப் புள்ளதான்."

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. கடையில் சாமான் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டாள். அழுது அழுது முடித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"அம்மா, வண்டியில ஏறு. நாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ரெண்டு பேரையும் காட்டுவோம். ஏறு" என்றேன்.

நான்தான் சொன்னேன். ஏறு என்று.

டப்பா காலியாகிவிட்டது. உஸ் சத்தம் தேய்ந்து நின்றது. ஆணியைச் சுற்றி நுரை குமிழ் விட்டது. பிறகு அதுவும் அடங்கியது. டயர் முக்கால்வாசி ஏறியிருந்தது. குனிந்து டியூபைக் கழற்றினேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

தார் ரோட்டில், எனக்குப் பக்கத்திலேயே, கால் தடங்கள்.

கறுப்பு. ஈரம்.

கரிசல் காட்டில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சேறு காலை விடாது. முட்டு வரை ஏறி ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட சேறு. அப்போதுதான் காலிலிருந்து விழுந்தது மாதிரி. ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

மே மாதத்தில். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்ட காட்டில்.

நிமிர்ந்தேன். அவள் இல்லை.

கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தட்டையான காடு. மறைய ஒரு புதர் இல்லை. ஒரு குழி இல்லை. ரோட்டில் யாரும் இல்லை. காட்டில் யாரும் இல்லை. கால் தடங்களைப் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து நாலு எட்டு வைத்து, வண்டியின் பக்கக் கதவு வரைக்கும் போயிருந்தன.

திரும்பி வரவில்லை.

கதவு திறந்தேதான் இருந்தது, காற்றுக்காக. உள்ளே எட்டிப் பார்த்தேன். டேவிட்சன் மட்டும். சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்கு அப்போது வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. கதவை இழுத்துச் சாத்தினேன். ஆம்னியின் பக்கக் கதவு தண்டவாளத்தில் ஓடுவது. கர்ர்ர்... டப். நன்றாகச் சாத்திக்கொண்டது. நான்தான் சாத்தினேன்.

முன்பக்கமாகச் சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறினேன். சாவியைத் திருப்பினேன்.

கர்ர்ர்...

டப்.

பின்னால். அந்தக் கதவு. திறந்து, மூடிய சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தேன். நிறுத்தக் கூடாது. அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நிறுத்தினால் டயர் இறங்கிவிடும். இன்னொரு டப்பா இல்லை. டயர் இறங்கினால் என் கணவர் அந்த ரோட்டிலேயே...

வண்டி குலுங்கியது. நுரை பரவப் பரவக் குலுக்கல் குறைந்தது. வேகமாகப் போகவும் கூடாது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். ஜன்னல் வழியாக அனல் அடித்தது. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் குளிர்ந்தது. மண் நனைந்த வாசனை வந்தது. முதல் மழைக்கு வருகிற நல்ல வாசனை இல்லை அது. நாள் கணக்காக நின்ற தண்ணீரின் வாசனை.

மூச்சுச் சத்தம் கேட்டேன்.

ஒன்று நீளமாக. விசில் மாதிரி. அது என் கணவர்.

இன்னொன்று வேகமாக. குருவி மாதிரி.

"ஏங்க..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "ஏங்க, பேச வேண்டாம். தட்டுங்க. இருக்கீங்கன்னு தட்டுங்க."

தட்.

அவர் கை. சீட்டின் இடது பக்கம்.

"இன்னொரு தடவை."

தட்.

பிறகு, வலது பக்கத்திலிருந்து, நான் கேட்காமலே...

தட்.

சின்னக் கை.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ரோட்டையே பார்த்தேன். கண்ணீர் வழிந்து ரோடு மங்கியது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. காலை பிரேக்கின் மேல் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். எடுத்தேன்.

எத்தனை தூரம் அப்படிப் போனேன் என்று தெரியாது. பசுவந்தனையைத் தாண்டிவிட்டேன். அங்கே கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. டாக்டர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. நிற்காமல் ஓட்டினேன்.

அப்போது அந்தக் குருவிச் சத்தம் நின்றது.

என் கணவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும்...

நின்றது.

எஞ்சின் சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

"ஏங்க."

இல்லை.

"ஏங்க, தட்டுங்க."

இல்லை.

எனக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயம் எங்கேயோ போய்விட்டது. கத்தினேன். "ரெண்டு பேரும் தட்டுங்க. தம்பி, நீயும் தட்டுல. இந்தா வந்துட்டோம். தட்டுல, ராசா."

தட்.

சின்னக் கை.

தட்.

பெரிய கை.

தட்... தட்.

மாறி மாறி. ஒன்று விட்டு ஒன்று. கோவில்பட்டி எல்லை வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. நானும் வாயை மூடவில்லை. "தட்டு தம்பி, தட்டு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஊருக்குள் நுழையும் முன்னாலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. வாசல் படியில் இடிக்கிற மாதிரி நிறுத்திவிட்டு ஹாரனில் கை வைத்தேன். நர்ஸ் ஓடி வந்தாள். பக்கக் கதவை அவள்தான் திறந்தாள். பிறகு இரண்டு ஆட்கள் வந்து டேவிட்சனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயந்திரம்போல் டாக்டர் வெளியே வந்து, "தப்பிச்சிட்டாரும்மா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா சொல்ல முடியாது" என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். அவர் தள்ளி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த நர்ஸ் என்னிடம் வந்தாள். மேரிராணி என்று பெயர். அவள் முகம் சரியில்லை.

"யக்கா, உங்ககூட வந்த பொம்பளை எங்க?"

நான் வாசலில் நின்ற ஆம்னியைப் பார்த்தேன்.

"அவிய புள்ளையத் தூக்கிட்டு எனக்கு முந்தி உள்ள வந்துட்டாவ. மொதல்ல எம் புள்ளைக்கு வைங்கன்னாவ. மாஸ்க்கைப் புள்ள மூஞ்சியில வச்சேன். புள்ள ஒரு இழுப்பு இழுத்துச்சு. நல்லா, நெஞ்சு நிறைய இழுத்துச்சு. ஊசி எடுக்கத் திரும்புனேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள?"

"மாஸ்க்கு மட்டும் கட்டில்ல கிடந்துச்சு. யக்கா, அந்தப் புள்ளையத் தொட்டுப் பாத்தீங்களா நீங்க?"

"இல்ல."

"நான் தொட்டேன்" என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனாள்.

டயரைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் மர்மம் எதுவும் இல்லை. சோலைச்சாமி கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே வெள்ளைக் கஞ்சி மாதிரி ஒட்டிக் கிடக்கிறது, டியூப் இனிமேல் ஆகாது என்று திட்டினார். டப்பா செய்ய வேண்டியதைச் செய்திருந்தது. அவ்வளவுதான்.

டேவிட்சன் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னார். "வண்டியில எனக்குச் சரியா இடமே இல்ல, ஷீலா. ஒதுங்கிப் படுத்திருந்தேன்."

ஆல்பம் தயாரானதும் நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெயின் ரோடு வழியாக, பஸ்ஸில். பூவனலிங்கம் அண்ணாச்சி ஒவ்வொரு படமாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. பசுவந்தனை ரோட்டில் பார்த்ததைச் சொன்னேன். ஈரச் சேற்றைப் பற்றிச் சொன்னதும் அவர் ஆல்பத்தை மூடி வைத்தார்.

"இந்த ஊர்ப் புள்ளதான்மா அது" என்றார். "ஆடு மேய்க்கிற குடும்பம். மாயகிருஷ்ணன்னு பேரு. அஞ்சு வயசு. தொண்ணூத்திரெண்டுல பேய் மழை பெஞ்சுதுல்லா, அப்ப அவனுக்கு இழுப்பு வந்துட்டு. ஒரு வேனைப் பிடிச்சு ஏத்தி விட்டோம். பாதி வழியில டயர் போயிட்டு. டிரைவர் சக்கரத்தை உருட்டிக்கிட்டு ஆளைத் தேடிப் போனான். இவ புள்ளையத் தூக்கிக்கிட்டு காடு வழியா நடந்து பாத்துருக்கா. சேறு விடல. திரும்பி வந்து ரோட்டுலயே நின்னுருக்கா. வேற வண்டி வரல. டிரைவர் வந்து பாக்கும்போது புள்ள போயிட்டான். இவ அப்பவும் வண்டிக்குக் கை காட்டிக்கிட்டு நின்னாளாம்."

"அவியளும் அங்கனயே செத்துட்டாவளா அண்ணாச்சி?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"யாரு, வெள்ளைத்தாயா? அவ எங்க செத்தா? இந்தா, மேலத் தெருவுல கடைசி வீடு. அன்னைக்கு உக்காந்தவதான். வாசல் தாண்டுறதில்ல. வாயத் தெறந்து ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. தனியாத்தான் கெடக்கா. எங்க வீட்டுல இருந்துதான் சாப்பாடு போவுது."

போயிருக்கக் கூடாது. ஆனால் போனேன்.

கதவு பாதி திறந்திருந்தது. வெயிலிலிருந்து வந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. உள் அறையில் உஸ்ஸென்று பம்ப் ஸ்டவ் எரிகிற சத்தம் மட்டும் கேட்டது. சோறு பொங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, "யாரு வீட்டுல?" என்று கூப்பிட்டேன்.

அவள் வந்து நின்றாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நாற்பது வயது இருக்கும். ஆனால் முகம் அதே முகம். அதே கண். ரோட்டில் நான் பார்த்தது இவளைத்தான். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய இவளை.

இந்த வீட்டை விட்டு வெளியே வராதவள். என்னை ஒரு நாளும் பார்த்திராதவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சிக்கு இப்ப மூச்சு நல்லா வருதா யக்கா?"

தலையை ஆட்டினேன்.

அவள் சிரித்தாள்.

"எம் புள்ளைக்கும் வந்துட்டு."

சொல்லிவிட்டு, இருட்டாக இருந்த உள் அறைப் பக்கம் திரும்பிச் செல்லமாக அதட்டினாள்.

"ஏலே, சத்தம் போடாத. ஆளு வந்திருக்காவ."

உள்ளே, ஸ்டவ் என்று நான் நினைத்த அந்தச் சத்தம் நின்றது.